ஆறு புறப்படும் நாழிகை

ஏப்ரலில் எங்கள் ஊரில் எல்லோரும் தீர்க்கதரிசிகள்.
இரண்டு டாலருக்கு ஒரு சீட்டு.
சீட்டில் நாள், மணி, நிமிடம்.
உறைந்த யூகான் ஆற்றின் நடுவே ஒரு மரக்கம்பம்,
அதிலிருந்து கரைக் கடிகாரத்துக்கு ஒரு கம்பி.
பனிப்பாளம் நகர்ந்தால் கம்பி இழுபடும்,
கடிகாரம் நிற்கும்.
அந்த நிமிடத்தை எழுதியவருக்குப் பானைப் பணம்.

சைலஸ் நோட்டு வைத்திருக்கிறான்.
முப்பத்தோரு வருடத்துக் குளிர்,
பாளத்தின் கனம், வாத்துகள் திரும்பிய தேதி.
பென்சிலை நாக்கில் நனைத்து நனைத்துக் கூட்டுகிறான்.
அதே நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு:
கர்த்தர் வரும் வருடம்.
இரண்டு தடவை அழித்து எழுதியிருக்கிறான்.

எனக்குக் கணக்கு வராது.
என் வேலை, பனி நகர்ந்ததும் ஆலயமணியை அடிப்பது.
கீழே வளைவில் பாளங்கள் அடைத்துக்கொண்டால்
ஆறு திரும்பி ஊருக்குள் ஏறும்.
முப்பது வீடு.
மேட்டுக்கு ஓட இருபது நிமிடம் இருக்கும்,
சில வருடம் பத்து.

மே மாத இரவு இங்கே முழுதாய் இருட்டுவதில்லை.
ஜன்னலோரம் நாற்காலி, தெர்மாஸில் தேநீர்,
மடியில் தைத்து முடியாத கடமான்தோல் கையுறை.
பல ராத்திரிகள் ஆறு பேசாது.
திடீரென்று துப்பாக்கிபோல் வெடிக்கும்.
எழுந்து ஓடுவேன்.
ஒன்றுமில்லை.
அடுத்த வெடிப்புக்கு எழ முழங்கால் யோசிக்கும்.
ஆறாவது வெடிப்புக்குத் தலைகூடத் திரும்பாது.
பயத்தைவிட எனக்குப் பயம்
இப்படிப் பழகிப்போவதுதான்.

படுக்குமுன்
(படுக்கமாட்டேன், ஆனாலும் அப்படித்தான் சொல்வேன்)
நாய்களின் சங்கிலியைக் கழற்றி
ஒரே இழுப்பில் அவிழும் கயிற்றில் கட்டுவேன்.
படகு வீட்டுக்குப் பின்னால், மேட்டைப் பார்த்து.
லாந்தர் நிறைய மண்ணெண்ணெய், தனியே ஒரு கேன்.
எல்ஸியின் இன்சுலின் ஒரு பையில்.
திருவிருந்துக் கிண்ணம், என் பழைய ஸ்வெட்டரில் சுற்றி,
இன்னொரு பையில்.

சொல்லிவிடுகிறேன்: நான் தூங்கிவிட்டேன்.
மே ஒன்பது, விடியற்காலை, ஊசி விரலிலேயே.
யாரோ வாசலில் மரச்சாமான் இழுப்பதாய்க் கனவு.
நாய்கள் ஊளையிட்டு எழுப்பின.
ஆறு முழுதும் நடந்துகொண்டிருந்தது,
வீடளவு பாளங்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி.

மணிக்கயிற்றைப் பிடித்த கை நடுங்கியது.
வெட்கத்தில்.
ஆனால் நாய்க்கயிறு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.
பைகள் வைத்த இடத்தில் இருந்தன.
கடைசி ஆளாய் எல்ஸியை மேட்டில் ஏற்றியபோது
என் வாசற்படியைத் தண்ணீர் முகர்ந்துகொண்டிருந்தது.

கடிகாரம் நின்ற நிமிடமும்
சைலஸ் எழுதிய நிமிடமும் ஒன்றே.
அந்த நிமிடத்தில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
கரையில் கட்டியிருந்த அவன் படகு
யாரிடமும் சொல்லாமல் கடலைப் பார்க்கப் போனது.
பரிசுப் பணத்தில் புதுப் படகு வாங்கினான்.
அதையும் கரையில்தான் கட்டுகிறான்.
முன்பக்கம் சரியென்றால்
பின்பக்கமும் சரிதானே என்கிறான்.

ஜூனில் சின்ன விமானத்தில் குருவானவர் வந்தார்.
சேறு காயாத பெஞ்சுகளில் உட்கார்ந்து
மணவாளனுக்குக் காத்திருந்த பெண்களின் கதையைக் கேட்டோம்.
எத்தனையோ முறை கேட்டது.
அன்றுதான் காதில் விழுந்தது:
பத்துப் பேரும் தூங்கினார்கள்.
புத்தியில்லாத ஐந்து பேர் மட்டுமல்ல,
பத்துப் பேரும்.
முன்பெஞ்சிலிருந்து எல்ஸி திரும்பி
கண்ணைச் சிமிட்டினாள்.

அக்டோபரில் ஆறு ஓரங்களிலிருந்து மூடத் தொடங்கியது.
கடைக்கு இன்னும் சீட்டு வரவில்லை.
யாரும் எதையும் எதிர்பார்க்காத மாதம்.
கேனைக் காதருகே வைத்து உலுக்கினேன்.
பாதிதான்.
கோட்டை மாட்டிக்கொண்டு
மண்ணெண்ணெய் வாங்கப் போனேன்.